பெட்ரோல் மானியும் கடற்காற்றும்

புதுவை நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்வோர், கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்த பின்னர், பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லைக்கோடுகளின் விசித்திரத்தால் மறுபடியும் புதுவைக்குரிய மண்ணிலேயே பிரவேசிக்கும் இடத்தில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. கிழக்கே சமுத்திரம், அதன் அலைகளால் அரிக்கப்பட்டுவரும் கரையில் மீனவர் குடியிருப்பு, சாலையோரமாக, இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்ட பொறியியற் கல்லூரி, மேற்கே ஆரோவில் அமைந்திருக்கும் செம்மண் மேடு. உப்புக்காற்றும், யந்திரக் கல்வியும், தூரதேசத்து யாத்திரிகர்களும் ஒருசேரக் கூடியிருக்கும் இவ்வூர், மிகச் சிறிய உபகரணம் ஒன்றின் தத்துவத்தை விளக்குவதற்குப் பொருத்தமான இடம் என்பது என் அபிப்பிராயம். பழைய கேம்பர் வேனின் டாஷ்போர்டில், டாங்கில் இன்னும் எவ்வளவு பெட்ரோல் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் முள்ளைத்தான் சொல்கிறேன்.

உள்ளேயே படுக்கையும் அடுப்பும் அலமாரியும் கொண்டு, வீடும் வாகனமும் ஒன்றேயாக அமைந்த இத்தகைய வேன்களுள் உலகப் பிரசித்தி பெற்றது ஜெர்மானிய வோக்ஸ்வாகன். டச்சு வணிகர் பென் பான் 1947-ஆம் ஆண்டில் கிறுக்கிய ஒரு கோட்டுச் சித்திரத்திலிருந்து பிறந்து, 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த வண்டியை, வெஸ்ட்பாலியா என்னும் தொழிற்சாலையார் 1951 முதற்கொண்டு பிரயாண வீடாக மாற்றி அமைத்துத் தரலாயினர். 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும், இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக ஐரோப்பிய வாலிபர்கள் இந்தியாவுக்குத் தரைமார்க்கமாக வந்த காலத்தில், இவ்வேன்கள் அநேகம் இந்நாட்டை எட்டின. 1968-இல் ஆரோவில் ஸ்தாபிக்கப்பட்ட மறு வருஷமே பாரிசிலிருந்து வாகனத்தொடர் ஒன்று தரைவழியாகவே இங்கு வந்து சேர்ந்தது. 1979-இல் ஈரானில் நேர்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானத்துக்குள் சோவியத் படை புகுந்ததும் அந்தப் பெருவழியை அடைத்துவிட்டன.

ஆதி வோக்ஸ்வாகன் வேன்களில் பெட்ரோல் மானியே கிடையாது. ஏறக்குறைய 1961 வரையில், எஞ்சின் விக்கத் தொடங்கியதும் ஓட்டுநர் ஒரு குமிழை இழுத்து, டாங்கின் அடியில் சேமித்துவைத்த சில லிட்டர்களைத் திறந்துவிட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் லாம்ப்ரெட்டாவும் ராஜ்தூத்தும் ஓட்டியவர்களுக்கு 'ரிசர்வ்' என்ற பெயரில் நன்கு பரிச்சயமான ஏற்பாடுதான் அது. அதில் பழுதாவதற்கு ஏதுமில்லை; ஆனால் பாதி டாங்க் இருக்கிறதா, கால் டாங்க் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் மானி வந்த பிறகு, கூடவே பழுதுகளும் வந்தன. அப்பழுதுகளைத் திருத்த முற்படுபவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய விஷயம் ஒன்றுண்டு: அந்த முள் பெட்ரோலை அளப்பதே இல்லை, தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை மட்டுமே அளக்கிறது. பெட்ரோலுக்கும் முள்ளுக்கும் இடையே ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அதன் கண்ணிகளில் எது தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முள் காட்டும் பிழையின் தன்மை அமைகிறது.

சங்கிலியின் முதற் கண்ணி டாங்கினுள் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் 'டாங்க் யூனிட்' என்றும் 'ப்ளோட்' என்றும் வழங்கும் இச்சாதனத்தில், மீனவர் வலையின் மேல்விளிம்பில் கட்டும் மிதப்பைப் போன்ற ஒரு மிதவை, பெட்ரோலின் மட்டத்தோடு ஏறி இறங்குகிறது. அதனோடு இணைந்த தொடுமுனை, மெல்லிய தடைக்கம்பிச் சுருளின்மேல் வழுக்கிச் சென்று, மின்னோட்டம் கடக்க வேண்டிய கம்பியின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் வைக்கிறது. வோக்ஸ்வாகன் வேனில், டாங்க் காலியாக இருக்கையில் இத்தடை ஏறத்தாழ 73 ஓம். நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 10 ஓம். டாங்கோ சீரான பெட்டி வடிவம் உடையதன்று. ஆகையால் மட்டம் பாதியாகும்போது அளவும் பாதியாகும் என்று கொள்வதற்கில்லை. இந்தக் கோணலை நேர்செய்யும் பொருட்டுத் தடைக்கம்பியை ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் இடைவெளிவிட்டும் சுற்றுவது வழக்கம். வேறு வண்டியின் டாங்க் யூனிட்டைக் கொண்டுவந்து பொருத்தினால், அது மின்முறையில் வேலை செய்தாலும் அளவு சரிவராமற் போவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது கண்ணி டாஷ்போர்டில் இருக்கும் மானி. 12 வோல்ட் பாட்டரி பெற்ற வோக்ஸ்வாகன்களிலும், அக்காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றிலும் இருப்பது உஷ்ணத்தால் இயங்கும் மானி. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அந்த ஈருலோகப் பட்டையின்மேல் ஒரு சூட்டுக்கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மின்னோட்டம் பாய்ந்து கம்பி சூடேறினால், அதிகம் விரியும் உலோகம் குறைவாக விரியும் உலோகத்தின் பக்கமாகப் பட்டையை வளைக்கிறது. அந்த வளைவே முள்ளை நகர்த்துகிறது. குறைவாக விரியும் பக்கத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது, சுமார் 36 சதவிகிதம் நிக்கல் கலந்த இன்வார் என்னும் இரும்புக் கலவை. பாரிசை அடுத்த செவ்ரில் உள்ள சர்வதேச அளவைகள் பணியகத்தில், அளவுகோல்கள் வெயிலால் நீளாதிருக்க வழி தேடிக்கொண்டிருந்த ஷார்ல் எத்வார் கிய்யோம் என்னும் சுவிஸ் விஞ்ஞானி 1896-இல் கண்டறிந்த பொருள் அது. அதற்காக 1920-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நீளாத அளவுகோலுக்காகத் தேடிய உலோகம் வளையும் பட்டைக்கும் உதவிற்று என்பதை நான் எண்ணி மகிழ்வதுண்டு.

உஷ்ண மானியின் விசேஷ குணம் நிதானம். சாவியைத் திருப்பியவுடன் அதன் முள் துள்ளி எழாமல், மெல்ல மெல்ல ஏறித் தன் ஸ்தானத்தை அடையும். வேகத்தடைகளில் வண்டி குலுங்கி டாங்கினுள் பெட்ரோல் அலைமோதினாலும் அதற்கேற்ப ஆடாது. ஆனால் அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாட்டரியின் அழுத்தம் சற்றே உயர்ந்தாலும் முள் மிக அதிகமாக விலகிவிடும். நின்றிருக்கும் வண்டியில் சுமார் 12 வோல்ட்டாக இருப்பது, எஞ்சின் ஓடி மின்னேற்றம் நடக்கையில் 14 வோல்ட்டை எட்டுகிறதே! இதைத் தடுக்கவே மானிக்குப் பின்னால் அழுத்த நிலைநிறுத்தி என்னும் மூன்றாவது கண்ணி அமைந்திருக்கிறது. அதுவும் ஓர் ஈருலோகப் பட்டையே. சூடேறியதும் வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். பாட்டரி எப்படி ஏறி இறங்கினாலும், இவ்விதம் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரத்தின் சராசரி அநேகமாக மாறாமல் நிற்கும்.

நான்காவது கண்ணி வண்டியின் இரும்பு உடலேதான். பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் நிலைநிறுத்தி, மானி, டாங்க் யூனிட் ஆகியவற்றைக் கடந்து, உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. அந்த இணைப்பைத்தான் 'எர்த்' என்கிறோம். சுற்றின் சரிபாதி எர்த் என்றாலும், கண்ணுக்குத் தெரியும் கம்பியில் காட்டும் கவனத்தை அதனிடம் நாம் காட்டுவதில்லை. பிள்ளைச்சாவடியின் காற்றோ அந்தப் பாதியைத்தான் முதலில் தாக்குகிறது.

கடலலைகள் உடைந்து சிதறுகையில் எழும் நுண்ணிய துளிகள் காற்றில் மிதந்து கரையேறி, நீர் வற்றியபின் உப்புத் துகள்களாக எல்லாப் பொருள்களின்மேலும் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ, சுமார் 33 சதவிகிதத்திலேயே அவ்வாறு கரையத் தொடங்கிவிடும். அவ்வளவு வறண்ட காற்று இக்கரையில் வீசுவது அபூர்வமாதலால், மழை ஒரு துளியும் பெய்யாத சித்திரை மாதத்திலும், வண்டியின் அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று சதா இருந்துகொண்டே இருக்கிறது. எர்த் இணைப்பில் பித்தளை வளையமும் இரும்பு உடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவே அந்த உப்புநீரும் சேர்ந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, இரும்பு கரைந்து துருவாகிறது. துரு மின்சாரத்தைக் கடத்துவதில் மகா மந்தமானது. அரிப்பு என்னும் இவ்விஷயத்தைத் தமிழ்நாட்டில் முறையாக ஆராய்ந்துவருவது, அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும், 1948-இல் அஸ்திவாரமிடப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைத் திறந்த வெளியில் நிறுத்திவைத்து, கடற்காற்று அவற்றை அரிக்கும் வேகத்தை அதன் விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள்.

இனி ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். மானியின் சூட்டுக்கம்பிக்கு 50 ஓம் தடையும், நிலைநிறுத்தி தரும் சராசரி அழுத்தம் 10 வோல்ட்டும் என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். டாங்க் நிறைந்திருக்கையில் மொத்தத் தடை 60 ஓம். பாயும் மின்னோட்டம் 167 மில்லியாம்பியர். சூட்டுக்கம்பியில் பிறக்கும் உஷ்ணம் 1.39 வாட். காலியாக இருக்கையில் மொத்தத் தடை 123 ஓம், மின்னோட்டம் 81 மில்லியாம்பியர், உஷ்ணம் 0.33 வாட். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே முள்ளின் முழு வீச்சு. இப்போது டாங்க் யூனிட்டின் எர்த் இணைப்பில் துருவேறி, 15 ஓம் தடை புதிதாகச் சேர்ந்ததாகக் கருதுவோம். நிறைந்த டாங்கில் மின்னோட்டம் 133 மில்லியாம்பியராகக் குறைந்து, உஷ்ணம் 0.89 வாட்டுக்கு இறங்குகிறது. முள் வீச்சின் பாதியில் நின்றுவிடுகிறது. நிறைந்த டாங்கைப் பாதி என்று காட்டுகிறது! அதே 15 ஓம், காலி டாங்கில் முள்ளைச் சற்றுக் கீழே இறக்குவதோடு சரி. அங்கே அநேகமாக வித்தியாசமே தெரியாது. பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடப் புதுவையில் குறைவாக இருந்துவருவதால், எல்லை தாண்டுமுன் டாங்கை நிறைத்துக்கொள்வது இப்பக்கத்து ஓட்டுநர்களின் வழக்கம். அப்படி வழிய வழிய நிறைத்தும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லையெனில், பங்க் ஊழியரின்மேல் சந்தேகம் கொள்ளுமுன், டாங்க் யூனிட்டின் எர்த்தைச் சந்தேகிப்பதே நியாயம்.

அதே துரு இன்னோர் இடத்தில் பிடித்தால் விளைவு தலைகீழாகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தும் அம்சம். நிலைநிறுத்தியின் உள்ளே இருக்கும் பட்டையைச் சூடாக்கும் கம்பியும் பெரும்பாலான அமைப்புகளில் எர்த்துடன் இணைந்துதான் இயங்குகிறது. டாஷ்போர்டின் பின்னால் அந்த எர்த் விட்டுப்போனால், பட்டை சூடேறுவதில்லை, வளைவதில்லை, சுற்றைத் துண்டிப்பதுமில்லை. பாட்டரியின் முழு அழுத்தமும் இடைவிடாமல் மானிக்குள் பாய்கிறது. 10 வோல்ட்டுக்குப் பதில் 14 வோல்ட் என்றால், உஷ்ணம் ஏறத்தாழ இரு மடங்கு. நமது கணக்கின்படி, பாதி டாங்க் இருக்கையில் முள் 'நிறைவு' என்ற குறியையும் தாண்டி நிற்கும். கால் டாங்க் இருக்கையில் முக்கால் என்று காட்டும். முற்றிலும் வற்றிய பின்னரும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிஞ்சியிருப்பதாகச் சொல்லும். டாங்கின் எர்த்தில் ஏறிய துரு ஓட்டுநரை அவசியமின்றிப் பெட்ரோல் பங்குக்கு அனுப்புகிறது, அவ்வளவே. டாஷ்போர்டின் எர்த்தில் ஏறிய துருவோ, நடுநிசியில், மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே, ஒரு சொட்டு பெட்ரோலின்றி அவரை நிறுத்திவிடும். தண்ணீரால் குளிரும் எஞ்சின்களில், எஞ்சினின் சூட்டைக் காட்டும் மானிக்கும் பெட்ரோல் மானிக்கும் ஒரே நிலைநிறுத்தி இருந்தால், இரு முட்களும் சேர்ந்தாற்போல் உயர்வதைக் கண்டு பழுதை ஊகித்துவிடலாம். காற்றால் குளிரும் பழைய வோக்ஸ்வாகனிலோ அந்தச் சாட்சியும் கிடையாது.

ஆகவே பரீட்சையை முறையாகத் தொடங்க வேண்டும். டாங்க் யூனிட்டிலிருந்து வரும் கம்பியைக் கழற்றித் தனியே விட்டால் முள் காலிக்கு இறங்க வேண்டும். அக்கம்பியை உடலோடு தொட்டால் முள் நிறைவை நோக்கி ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மானியும் வயரிங்கும் குற்றமற்றவை. ஆயினும் நேராக உடலில் தொடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அப்போது சூட்டுக்கம்பியின் வழியே அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். பெட்ரோல் டாங்கின் அருகே தீப்பொறியும் எழக்கூடும். மின்னணுச் சாமான் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 10 ஓம் தடையொன்றையும், 68 ஓமும் 4.7 ஓமும் தொடராகச் சேர்த்த ஜோடி ஒன்றையும் வாங்கி, சாவி அணைந்திருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இணைத்துவிட்டு, பின்னர் சாவியைத் திருப்பினால், முதலாவதற்கு முள் நிறைவிலும் இரண்டாவதற்குக் காலியிலும் நிற்க வேண்டும். இரண்டிலும் ஒருங்கே உயர்ந்து நின்றால் நிலைநிறுத்தியே குற்றவாளி. முள்ளுள்ள பழைய வோல்ட் மீட்டரை அதன் வெளிவாயிலில் இணைத்தால், ஆரோக்கியமான நிலைநிறுத்தியில் அம்முள் விட்டுவிட்டுத் துடிப்பதையும், கெட்டதில் அசையாமல் நிற்பதையும் காணலாம்.

பழுது டாங்கின் பக்கம் என்று நிர்ணயமானால், வேலை கடினமாகிறது. 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் உற்பத்தியான, அகன்ற ஒற்றை முன்கண்ணாடி கொண்ட வேன்களில், டாங்க் எஞ்சினுக்கு முன்னால், தரைத்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதன் உச்சியில் உள்ள யூனிட்டை எடுக்க எஞ்சினை இறக்க வேண்டும். பின்னர் டாங்கையும் இறக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சி, சிலர் உள்ளிருந்தே தரைத்தகட்டை அறுத்து ஒரு துவாரம் செய்துகொள்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவிகிதம் வரை கலந்திருந்தால் தீப்பற்றும். டாங்கின் உள்ளே ஆவி செறிந்து அந்த வரம்பையும் கடந்திருப்பதுண்டு. ஆனால் விரிசலிலும் மூடியோரத்திலும் கசிந்து காற்றோடு கலக்கும் இடத்தில் அது சரியாக அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. அங்கே அறுப்பு யந்திரத்தின் பொறிகளைச் சிதறவிடுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. எஞ்சினை இறக்க ஒரு பகற்பொழுது போனாலும் போகட்டும். பாட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், முறைப்படி செய்வதே உசிதம்.

வெளியே எடுத்த யூனிட்டை மல்டிமீட்டரில் இணைத்து மிதவையைக் கையால் மெல்ல நகர்த்தினால், தடை 73-லிருந்து 10 வரை சீராக இறங்க வேண்டும். நடுவே எண்கள் தாவினால், கம்பிச்சுருள் தேய்ந்திருக்கிறது, அல்லது பழைய பெட்ரோலின் பிசின் படிந்திருக்கிறது. பிசினானால் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுகையில் உள்ளே திரவம் சலசலத்தால், அது ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது என்று அறியலாம். மூழ்கிய மிதவை எவ்வளவு நிரப்பினாலும் காலி என்றே தெரிவிக்கும். பித்தளை மிதவையை ஈயப்பற்று வைத்து அடைக்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் உள்ளே எஞ்சிய பெட்ரோல் ஆவி சூட்டில் வெடிக்கக்கூடுமாதலால், புதியது வாங்கிப் பொருத்துவதே உயிருக்கு உகந்தது. வோக்ஸ்வாகனுக்கும் முந்திய காலத்துக் கார்களில் அரக்குப் பூசிய தக்கை மிதவைகள் இருந்தன. அரக்கு பெட்ரோலில் கரையாது, சாராயத்தில் கரையும். 2023-இல் தொடங்கி நம் நாட்டுப் பங்குகளில் பரவிவிட்ட, 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அத்தகைய தக்கைகளுக்கு நிச்சயமான சத்துரு. பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் அது நன்மை செய்வதில்லை. எனவே டாங்கை இறக்கிய சந்தர்ப்பத்திலேயே, அதனோடு இணைந்த ரப்பர்க் குழாய்களையும் யூனிட்டின் அடியிலுள்ள வளையத்தையும், எத்தனாலைத் தாங்கும் புதியவற்றால் மாற்றிவிடுவது விவேகம்.

நம் நாட்டில் 1969 முதல் புனேயில் உற்பத்தியாகி, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் உழைத்த மெட்டடோர் வேனைத் தேடிப்பிடித்து வீட்டு வேனாக மாற்ற விரும்புவோர்க்கும், மிதவை, தடைக்கம்பி, எர்த் என்னும் இதே சங்கிலிதான்; ஓம் கணக்கு மட்டும் வண்டிக்கு வண்டி வேறுபடும். கோயம்புத்தூரில் 1975-இல் தோன்றிய பிரிக்கால் போன்ற கருவித் தொழிற்சாலைகளால், இத்தகைய மானிகளும் டாங்க் யூனிட்களும் இந்நாட்டிலேயே செய்யப்படலாயின. ஆதலால் இந்திய வண்டிக்காரருக்கு உதிரிப்பாகம் தேடுவதில் அவ்வளவு சிரமமில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுமுன், யூனிட்டின் விளிம்பிலிருந்து சாசிக்கு ஒரு தனி எர்த் கம்பியை ஓட்டிவிட வேண்டும். வண்டி தயாரித்தவர்கள் எதிர்பார்க்காத உப்புக்காற்றில் வண்டி வாழ்கிறதாதலால் இந்த உபசாரம் அவசியம். இரும்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, திருகை இறுக்கிய பின்னர், அதன்மேல் வாசலின் தாராளமாகப் பூச வேண்டும். இறுக்குமுன் பூசினால் போதாதா என்று கேட்பவர் உண்டு. உலோகமும் உலோகமும் முதலில் இறுகத் தொட்டுக்கொண்ட பின்பு, ஈரத்தை வெளியே நிறுத்துவதே வாசலினின் வேலை. டாஷ்போர்டின் பின்னாலுள்ள எர்த்துக்கும் அதையே செய்து, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஒவ்வொரு தை மாதமும் இரண்டையும் மல்டிமீட்டரால் அளந்து, ஓர் ஓமுக்கு மேல் காட்டினால் மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசியாக, மானியின் குறிகளை அப்படியே நம்பாமல், அவற்றை நாமே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். காலி டாங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஓடவிட்டு, முள் ஏறி நிற்கும்வரை பொறுத்திருந்து, அது நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், 60 லிட்டருக்குச் சற்றேறக்குறைய நிரம்புவதற்குள், அந்த வண்டிக்கே உரிய ஓர் அட்டவணை கிடைத்துவிடும். இதைச் செய்யும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஆரோவில் மேட்டுக்கு ஏறும் சரிவில் நிறுத்தினால், பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி, மிதவை இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ காட்டும்.